செட்டிநாட்டுக் கல்லூரிகளில் மாணவர் மனநல ஆலோசனை: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரக் கல்லூரி ஒன்றில் முழுநேர ஆலோசகராகவோ, பாடம் நடத்துவதோடு ஆலோசனைப் பொறுப்பையும் ஏற்ற பேராசிரியராகவோ பணியைத் தொடங்குகிறவர், தம்மிடம் வரப்போகும் மாணவர்கள் யார் யார் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 1947-இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் தொடங்கிய கலைக் கல்லூரியும், 1985-இல் அவர் பெயரில் அமைந்த பல்கலைக்கழகமும், சுற்றுவட்டாரத்தில் பின்னர் வளர்ந்த கல்லூரிகளும் இந்த வானம் பார்த்த பூமிக்குப் பல திசைகளிலிருந்து இளைஞர்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. கல்லல், சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர் வருகிறார். நகரத்தார் வீட்டுப் பிள்ளை ஒருவர், பெற்றோர் சென்னையில் இருக்க, பூர்வீக வீட்டில் ஆயாவுடன் (பாட்டியுடன்) தங்கிப் படிக்கிறார். இளையான்குடியிலிருந்து வரும் இஸ்லாமிய மாணவியின் அத்தா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளியின் மகனும், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவரும், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பொறியியல் படிக்க வந்த வடமாநிலத்தவரும் ஒரே பேருந்து நிலையத்தில் இறங்குகிறார்கள்.

இத்தனை பேருக்கும் ஒரே வகையான ஆலோசனை பொருந்தாது என்பது விளங்குகிறது. அதற்காக ஒவ்வொரு சமூகத்தைப் பற்றியும் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்துகொண்டு அறைக்குள் அமர்வதும் உதவாது. 1998-இல் மெலனி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் ‘பண்பாட்டுப் பணிவு’ என்னும் கருத்தை முன்வைத்தார்கள். பிறருடைய பண்பாட்டை முழுமையாகக் கற்று முடித்துவிட்டேன் என்று எவரும் சொல்ல முடியாது, எதிரில் இருப்பவரே தம் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கற்பிப்பவர் என்பதே அதன் சாரம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்துதான் பிறக்கிறது: மாணவரின் பின்னணியை மாணவரிடமே கேட்டு அறிய வேண்டும், உயிராபத்தோ சட்டக் கடமையோ இருந்தாலன்றிக் கேட்டதை வெளியே போகவிடக் கூடாது.

முதற்படி: அறையும் இரகசியமும்

சென்னையில் ஒரு மாணவர் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்தால், அவரைக் கண்டவர் யாரென்று தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. கல்லூரி அலுவலக உதவியாளர் மாணவியின் சித்தப்பாவுக்குப் பழக்கமானவராக இருப்பார். நூலகர் அவருடைய ஊர்க்காரராக இருப்பார். கேன்டீன் நடத்துபவர் அவருடைய அண்ணனோடு படித்தவராக இருப்பார். அறைக்குள் நுழைவதை ஒருவர் பார்த்தாலே, மாலைப் பேருந்து ஊர் போய்ச் சேருவதற்குள் செய்தியும் போய்ச் சேர்ந்துவிடும். பெண் மாணவியாக இருந்தால் அந்தச் செய்தி படிப்பையே நிறுத்தும் அளவுக்கு வளரக்கூடும்.

ஆகவே அறையைத் துறைத்தலைவர் அறைக்கும் முதல்வர் அலுவலகத்துக்கும் அருகில் வைக்காதீர்கள். நூலகம், வேலைவாய்ப்பு வழிகாட்டு மையம், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலகம் போன்று எல்லோரும் இயல்பாக வந்துபோகும் இடத்தை ஒட்டி ஓர் அறையைக் கேட்டுப் பெறுங்கள். பலகையில் ‘மாணவர் வழிகாட்டு மையம்’ என்று எழுதினால் போதும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் அளித்திருக்கிறது. அறையும் வசதியும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சுட்டுவது பயன்தரும்.

வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பதிலாக எண்ணைக் குறியுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் உங்களிடம் மட்டும், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வகுப்புக்கு வராத நேரத்துக்கு மாணவர் கடிதம் கேட்டால், ‘மாணவர் நலப் பணி தொடர்பாக’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். கைபேசி விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. பல வீடுகளில் மாணவியின் கைபேசி மாலையில் அம்மாவின் கையிலோ தம்பியின் கையிலோ இருக்கும். எந்த நேரத்தில் அழைக்கலாம், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமா, உங்கள் எண்ணை என்ன பெயரில் பதிந்துகொள்வது என்று முதல் நாளே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கேட்காமல் நீங்களாகச் செய்தி அனுப்பாதீர்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குத் தகவல் இரகசியத்தை ஓர் உரிமையாகவே வழங்குகிறது. உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர் என்றாலும் அதே அளவுகோலை எல்லோருக்கும் பின்பற்றுங்கள். இரகசியத்துக்கு எல்லைகளும் உண்டு. அவற்றை மாணவர் மனம் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து நேரும் நிலை ஒன்று. மற்றொன்றைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்: முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு இன்னும் 18 வயது நிறைந்திருக்காது. 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நிகழ்ந்திருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. இதைச் சட்டத்தின் மொழியில் சொன்னால் மாணவர் மிரண்டுவிடுவார். பேச்சுத் தமிழில், பொறுமையாகச் சொல்லுங்கள்:

“நீங்க இங்க பேசுறது என்னைத் தாண்டிப் போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் உதவி செய்யக்கூடியவங்ககிட்ட பேசுவேன். பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு யாராவது பாலியல் தொல்லை கொடுத்திருந்தா, அதைச் சட்டப்படி நான் தெரிவிச்சாகணும். மத்தது எதுவும் உங்க வீட்டுக்கோ டிபார்ட்மென்ட்டுக்கோ போகாது.”

இரண்டாம் படி: உங்களை மாணவர் எப்படிப் பார்க்கிறார்

நீங்கள் மாணவரை அறிவதற்கு முன்பே அவர் உங்களை எடைபோட்டு முடித்திருப்பார். உங்கள் பெயர், நெற்றி, பேச்சு வழக்கு, குடியிருக்கும் தெரு ஆகியவற்றைக் கொண்டு நீங்கள் இன்னார் என்று ஊகித்து, எதைச் சொல்லலாம் எதை மறைக்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டுதான் நாற்காலியில் அமர்வார். அது அவருடைய தற்காப்பு. அதற்காக வருந்த வேண்டியதில்லை. டெரால்ட் விங் சூ முதலிய ஆலோசனை உளவியலாளர்கள் 1992-இல் வகுத்த திறன் வரைவிலும் முதலிடம் பெறுவது ஆலோசகர் தம் சொந்தச் சார்புகளை அறிந்திருப்பதுதான். பிறரைப் பற்றிய அறிவும் வழிமுறைத் திறனும் அதற்குப் பிறகே வருகின்றன. யாருடைய கதையைக் கேட்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறது, யாருக்கு உங்களை அறியாமல் அறிவுரை சொல்லத் தொடங்குகிறீர்கள், யாருடைய பெற்றோர் பக்கம் உடனே சாய்கிறீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் சார்பு எழுத்தாகவே கண்முன் நிற்கும்.

அதே ஊரில் வசிப்பவராக இருந்தால் சந்தையிலும் கொப்புடையம்மன் கோயில் திருவிழாவிலும் மாணவரை எதிர்கொள்ள நேரும். “வெளியே பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்” என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் இருவருக்கும் சங்கடம் இராது.

மூன்றாம் படி: எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது

‘எந்த ஊர்?’ என்பது நம் பக்கத்தில் மிக இயல்பான முதல் கேள்வி. ஆனால் இந்த மாவட்டத்தில் அது அத்தோடு நிற்பதில்லை. ஊரைச் சொன்னதும் ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேள்விகள் இறங்கிக்கொண்டே போய்ச் சாதியில் முடியும் என்பதைப் பள்ளி நாளிலிருந்தே அனுபவித்து அறிந்த மாணவர்கள் உண்டு. குறிப்பாக ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவருக்கு உங்கள் முதல் கேள்வி அதுவாக இருந்தால், மனம் அப்போதே மூடிக்கொள்ளும். நல்லெண்ணத்தோடு கேட்டோம் என்பதால் அதன் விளைவு மாறிவிடாது.

அதற்குப் பதிலாகப் பயணத்தைக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறுகிறார், எத்தனை வண்டி மாறுகிறார், கடைசிப் பேருந்து எப்போது, வீடு சேர்ந்ததும் என்ன வேலை காத்திருக்கிறது என்று கேட்டால், எவரையும் கூசவைக்காமல் ஒரு முழு நாளின் வடிவம் கிடைக்கும். விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, மாடு அவிழ்த்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்து முதல் வகுப்பில் தூங்கி விழுபவருக்கும், மன அழுத்தத்தால் உறக்கம் கெட்டவருக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆலோசனை நேரத்தையும் பேருந்தை வைத்தே குறிக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் நேரம் கொடுத்துவிட்டு, மாணவி வரவில்லை, அக்கறையில்லை என்று எழுதிவைப்பது அநியாயம்.

முதல் சந்திப்பில் எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே அழையுங்கள். வகுப்பில் ‘நீ’ என்று கேட்டுப் பழகிய மாணவர்களில் சிலருக்கு இந்த மரியாதை முதலில் கூச்சத்தைத் தரும்; அவர்களே “நீன்னே சொல்லுங்க மேடம்” என்றால் மாற்றிக்கொள்ளலாம். உறவுமுறைப் பெயர்களைக் கேட்கும்போது ஆளை உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘ஐயா’ என்று ஒரு வீட்டில் தாத்தாவைச் சொல்வார்கள், வேறொரு வீட்டில் தந்தையைச் சொல்வார்கள். நகரத்தார் வீட்டில் தந்தை ‘அப்பச்சி’. யார் அடித்தார், யார் படிப்புச் செலவைக் கொடுக்கிறார் என்பதில் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டால் முழு வழக்கும் தடம் மாறிவிடும்.

நான்காம் படி: துன்பத்தை அவருடைய மொழியில் கேட்டல்

‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு எவரும் வருவது அரிது. தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, சோறு இறங்கவில்லை, படபடப்பாக வருகிறது என்றுதான் பேச்சு தொடங்கும். இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு போன்ற உடற்காரணங்களை முதலில் மருத்துவரிடம் பரிசோதித்துவிடச் சொல்லுங்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ‘எல்லாம் உன் மனசுதான்’ என்று சொல்லிவிடாதீர்கள். பொய் சொல்வதாகக் குற்றம் சாட்டுகிறீர்கள் என்றே அவர் எடுத்துக்கொள்வார். நெஞ்சடைப்பு உண்மை, அதைத் தூண்டுவது எது என்று சேர்ந்து தேடுவோம் என்பதே சரியான அணுகுமுறை.

மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1970-களின் இறுதியில் முன்வைத்த கேள்விகள் இதற்கு இன்றும் நல்ல கருவி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலைச் சேர்த்தபோது இதே மரபில்தான் அமைத்தது. நம் வழக்கில் அவற்றை இவ்வாறு கேட்கலாம்: “இதை உங்க வீட்டுல என்னன்னு சொல்றாங்க? நீங்க என்னன்னு நினைக்கிறீங்க? எதனால வந்திருக்கும்னு தோணுது? இது வந்ததுக்கப்புறம் உங்களால எதைச் செய்ய முடியாமப் போச்சு? இதுக்கு இதுவரைக்கும் எங்கெல்லாம் காட்டினீங்க?” வீட்டார் சொல்லும் காரணமும் மாணவர் நம்பும் காரணமும் வெவ்வேறாக இருப்பதை அடிக்கடி காண்பீர்கள். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் பிரச்சினை இருக்கிறது.

வினாத்தாள் வைத்து மதிப்பிடும்போதும் எச்சரிக்கை வேண்டும். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தைத் தமிழில் கொடுத்தாலும், முதலாமாண்டு மாணவர் அதைத் தேர்வுத்தாளாகக் கருதிச் ‘சரியான’ விடையைத் தேடுவார். படித்துக் காட்டி, பேச்சாகவே நிரப்புங்கள்.

காற்று கருப்பு, செய்வினை, பயந்த கோளாறு என்ற விளக்கங்கள் வரும்போது உங்கள் முகத்தில் ஏளனம் தோன்றக் கூடாது. வேப்பிலை அடித்து, விபூதி பூசி, தாயத்துக் கட்டிக்கொண்டு வருபவரிடம் அவற்றைக் கழற்றச் சொல்லும் வேலை நமக்கு இல்லை. ஆனால் கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுக்கொடுக்கவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி இறந்தார்கள். அந்தத் துயரம் நமக்கு அடுத்த மாவட்டத்தில் நிகழ்ந்தது. அதற்குப் பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மனநல மருந்தும் சேர்த்து வழங்கும் ஏற்பாட்டை அரசு நடத்திவருகிறது. வேண்டுதலும் வேண்டும், மாத்திரையும் வேண்டும் என்று குடும்பத்தாரிடம் பேச இதைவிட நம்பத்தக்க முன்னுதாரணம் இந்தப் பக்கத்தில் இல்லை.

ஐந்தாம் படி: அடிக்கடி வரும் நிலைமைகள்

சாதியால் வரும் காயத்தைத்தான் மிக விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவே மிக எளிதாகத் தவறாகக் கையாளப்படுகிறது. விடுதியில் தட்டைத் தனியே வைக்கிறார்கள், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள், உதவித்தொகையைச் சொல்லிக் குத்துகிறார்கள் என்று ஒரு மாணவர் சொன்னால், அவருக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்து அனுப்புவது அநீதியை அவருடைய குறையாக மாற்றுவதாகும். நடந்தது தவறு என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். பின்னர் அவருக்கு உள்ள வழிகளை, அவசரப்படுத்தாமல், அவர் முன் வையுங்கள்: கல்லூரியின் பட்டியல் இனத்தோர், பழங்குடியினர் நலப் பிரிவு, ராகிங் எதிர்ப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். கொடுத்தபின் விடுதியில் அவர் இரவைக் கழிக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்து, பாதுகாப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். பள்ளி மாணவர்களிடையே சாதிக் கயிறு, சாதி மோதல் ஆகியவற்றைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024-இல் அரசுக்கு அளித்த அறிக்கையை ஒருமுறை படித்துவைப்பது நல்லது. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் நம் மாணவர்கள் வருகிறார்கள். இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் ஜெயந்தி நாளான அக்டோபர் 30 ஆகியவற்றை ஒட்டி சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் பேருந்துகள் மாற்றுப் பாதையில் போகும், வருகை குறையும், வாட்ஸ்அப் நிலைத்தகவல்களே சண்டையாக மாறும். அந்த வாரங்களில் உங்கள் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கட்டும்.

வேறு சமூகத்தில் காதலிப்பவரிடம் ‘படிக்கிற வயசுல இது தேவையா’ என்று தொடங்கிவிட்டால் அவர் மறுபடி வர மாட்டார். வீட்டில் யாருக்குத் தெரியும், தெரிந்தால் யார் என்ன செய்வார்கள், இதற்கு முன் மிரட்டல் வந்திருக்கிறதா, திருமணத்துக்கு நாள் பார்க்கிறார்களா என்று அபாயத்தை அளவிடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் நீங்களாகப் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. அந்த ஒரு தொலைபேசி அழைப்பு உயிர் சம்பந்தப்பட்டதாக ஆகலாம். 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், விரும்பி மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க உத்தரவிட்டது. பெண்கள் உதவி எண் 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100 ஆகியவற்றை மாணவர் மனப்பாடமாகவே அறிந்திருக்கட்டும், கைபேசியில் பதிந்துவைப்பது எப்போதும் பாதுகாப்பாக இராது.

முதல் தலைமுறையாகப் படிப்பவரின் துயரம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பணத்திலும் இருக்கிறது. தமிழ்வழியில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்தவர் முதல் பருவத்தில் மூன்று அரியர் வைத்ததும், தாம் இந்த இடத்துக்கு உரியவர் அல்லர் என்று முடிவுகட்டிவிடுகிறார். ஆறுதலுக்கு முன் அவருக்குத் தேவை, செமினாரைத் தமிழில் தொடங்கி மெல்ல மாற இசையும் ஒரு பேராசிரியர். கட்டணம் கட்ட முடியாததால் வரும் தூக்கமின்மைக்கு மூச்சுப்பயிற்சி மருந்தாகாது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்ப நாள்கள் ஆகியவற்றையும் ஆலோசகர் விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். விண்ணப்பம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த அன்றே நன்றாகத் தூங்கிய மாணவர்கள் இருக்கிறார்கள்.

இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் மாணவரிடம் போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் இங்கேயே பிறந்தவராக இருப்பார். போர் அவருடைய அம்மம்மாவின் நினைவாக இருக்கும். அவரை அழுத்துவது குடியுரிமை இன்மை: வளாக நேர்காணலில் தேர்வானாலும் கடவுச்சீட்டு இல்லை, அரசு வேலைக்கு எழுத முடியாது, முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் கல்விச் சுற்றுலாவுக்குப் போக முடியாது. எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்களிக்காமல், இந்த எல்லைக்குள் எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று அவரோடு உட்கார்ந்து தேடுங்கள்.

இஸ்லாமிய மாணவிக்கு ஆண் ஆலோசகரோடு கதவை மூடிய அறையில் இருப்பது சங்கடமாக இருக்கலாம். வேறு பல மாணவியருக்கும் அப்படித்தான். கண்ணாடி பதித்த கதவும், பெண் ஆலோசகரைக் கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். வெள்ளி நண்பகலிலும் ரமலான் மாலைகளிலும் நேரம் குறிக்க வேண்டாம். தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், மூத்த பிள்ளை பதினெட்டு வயதிலேயே குடும்பத் தலைவராக நடந்துகொள்வதைக் கவனியுங்கள்.

வடமாநில மாணவருக்கு மொழிபெயர்க்க வகுப்புத் தோழரை அழைக்காதீர்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் (எண் 14416) பல இந்திய மொழிகளில் இயங்குகிறது. உங்கள் அறையிலிருந்தே அழைத்துப் பேசவைக்கலாம்.

தன் பாலினம் குறித்தோ பாலின ஈர்ப்பு குறித்தோ ஒருவர் மனம் திறந்தால், ‘மாற்றிவிடலாம்’ என்ற சொல்லே உங்கள் வாயில் வரக் கூடாது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மாற்றும் சிகிச்சைக்குத் தடை சொன்னது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. அவர் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார் என்றும், அந்தப் பெயரை எங்கெல்லாம் சொல்லலாம், எங்கெல்லாம் சொல்லக் கூடாது என்றும் கேளுங்கள்.

ஆறாம் படி: குடும்பத்தாரோடு பேசுதல்

மேலைநாட்டுப் பாடநூல்கள், இளைஞர் தம் விருப்பத்தைத் தாமே தீர்மானிக்கக் கற்பதை ஆலோசனையின் வெற்றியாகக் கொள்கின்றன. இங்கே மாணவருக்கு அவருடைய குடும்பமே பாரமும் பலமுமாக இருக்கிறது. பேத்தியின் படிப்புக்காக ஆயா நகையை அடகு வைத்திருப்பார். அவரே பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டும் இருப்பார். குடும்பத்தை எதிர்த்து நில் என்று தூண்டுவதும், பெரியவர்கள் சொன்னால் கேள் என்று அடக்குவதும் ஒரே அளவுக்குக் கேடானவை.

மாணவர் ஒப்புக்கொண்ட பிறகு மட்டுமே வீட்டாரை அழையுங்கள். யாரை அழைப்பது என்பதையும் அவரே சொல்லட்டும். கையெழுத்துப் போடுபவர் தந்தையாக இருந்தாலும், வீட்டில் சொல் செல்லுபடியாவது பெரியப்பாவிடமோ தாய்மாமனிடமோ அப்பத்தாவிடமோ இருக்கலாம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முன்பே மாணவரோடு எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வெயிலில் வந்ததை விசாரித்து, பிள்ளையிடம் அவர்கள் வைத்திருக்கும் அக்கறையை உள்ளன்போடு எடுத்துச் சொன்ன பிறகே விஷயத்துக்கு வர வேண்டும். ‘உங்கள் பெண்ணுக்கு மனநோய்’ என்று தொடங்கினால், அவர்கள் காதில் விழுவது ‘இனி வரன் அமையாது’ என்பதுதான். “ரெண்டு மாசமா தூக்கம் இல்லாம இருக்கு, அதனால படிப்புல மனசு நிக்கல, சரிபண்ணிடலாம்” என்பது உண்மையையும் குறைக்காது, கதவையும் மூடாது. நாள் குறித்த திருமணத்தைத் தேர்வு முடியும் வரை தள்ளிப்போடச் சொல்வது போன்ற சிறிய வேண்டுகோள்கள் பெரும்பாலும் பலிக்கும்; வீட்டார் மானம் குறையாமல் ஒத்துக்கொள்ள ஒரு காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

ஏழாம் படி: உயிராபத்து

சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்கப்பட்டவர் ஆறுதலே அடைகிறார். “இருந்து என்ன பண்ணப்போறோம்”, “எல்லாருக்கும் பாரமா இருக்கேன்” என்று சுற்றி வரும் பேச்சைக் கேட்டதும், “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று மென்மையாக, கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஆம் என்றால் எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா என்று அறியுங்கள். திட்டம் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள்; அவர் நம்பும் ஒருவர் வந்து சேரும் வரை, பேருந்து போனாலும், உடன் இருங்கள்.

விவசாயக் குடும்பங்களில் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருப்பது பெரிய அபாயம். கடலூர் மாவட்டக் கிராமங்களில் அதைப் பொதுவான, பூட்டிய இடத்தில் வைக்கும் முயற்சியைத் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவினர் நடத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். மாணவரின் வீட்டில் ஒருவரிடம், காரணம் முழுவதையும் சொல்லாவிட்டாலும், மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்வது உங்களால் உடனே செய்யக்கூடிய, உயிர்காக்கும் செயல். முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தயங்கும் குடும்பத்தாரிடம், 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்பட மாட்டார் என்று சொல்லித் தைரியம் கொடுங்கள். எந்நேரமும் பேசக் கிடைக்கும் எண்களாக டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் விடுதிச் சுவரிலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். பிறர் பார்வை படாத இடத்தில்தான் குறித்துக்கொள்வார்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகாவின் 044-24640050 என்ற எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அனுப்பிவைத்தலும் குறிப்புகளும்

பிறர் கேட்காத குரல் கேட்பது, நாள்கணக்கில் உறங்காமல் மிதமிஞ்சிய உற்சாகத்தில் திரிவது, உடல் மெலிந்துகொண்டே போவது, போதைப் பழக்கம் கைமீறுவது ஆகியவை ஆலோசனையால் மட்டும் தீரமாட்டா. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவரை நெருக்கடி வருவதற்கு முன்பே நேரில் சென்று அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். கடிதம் மட்டும் கொடுத்து அனுப்பினால் பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். எந்தக் கட்டடம், எந்தக் கிழமை, சீட்டு எங்கே எடுப்பது, எந்தப் பேருந்து என்பது வரை சொல்லி, மாணவர் விரும்பினால் முதல்முறை உடன் செல்லுங்கள்.

குறிப்பு எழுதும்போது, அந்தத் தாளை மாணவரே படித்தாலும் மனம் புண்படாத மொழியில் எழுதுங்கள். சாதி, மதம், காதலிப்பவரின் பெயர் ஆகியவை சிகிச்சைக்குத் தேவைப்பட்டாலன்றித் தாளில் ஏற வேண்டாம். மாதம் ஒருமுறையேனும் மூத்த ஆலோசகர் ஒருவரிடம், மாணவரின் அடையாளத்தை மறைத்து, உங்கள் வழக்குகளைப் பேசிப்பாருங்கள். இறுதியாண்டு மாணவர்களுக்குக் கடைசிப் பருவத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே விடைபெறும் பேச்சைத் தொடங்கி, வேலைக்குப் போகும் ஊரில் அவர் அணுகக்கூடிய மருத்துவமனையையோ ஆலோசகரையோ கண்டுபிடித்து, அந்த விவரத்தை அவர் கையில் எழுதிக் கொடுத்தபின் கோப்பை முடித்துவையுங்கள்.